குளிசையும் கூடும் நிறையும்
(குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள்)



வழமையாக இம்மடலில் நான் எழுதுவது வருமான வரி பற்றியும் சங்கத்தின் கணக்கறிக்கை பற்றியுமே. இம்முறை வேறொரு கணக்கை எழுத விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆயினும் என் தம்பியின் நோயோடு ஒன்பது வருடங்கள் வாழ்ந்து அறிந்தவற்றை, அவனுடைய சம்மதத்துடன் இங்கு தருகிறேன்.

ஊரில் நடந்தவற்றையெல்லாம் கண்டு இலண்டன் வந்து சேர்ந்தவன் அவன். சில வருடங்களின் பின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. நித்திரை இல்லை. சாப்பாட்டில் நாங்கள் ஏதோ கலக்கிறோம் என்றான். வைத்தியசாலையில் ஒலான்சபீன் என்னும் குளிசை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. பழையபடி சிரித்துப் பேசினான். அதே இரண்டு மாதத்தில் அவனுடைய காற்சட்டை எதுவும் இடுப்பில் ஏறாமற் போயிற்று.

கோயிலுக்கு வந்தால், “என்ன தம்பி, இந்த நாட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கொண்டிட்டுது போல” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். நானும் வீட்டில் “வாயைக் கட்டு” என்று பலமுறை ஏசியிருக்கிறேன். ஒருநாள் எவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டான். ஏழாவது கிழமை மீண்டும் வைத்தியசாலை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோது அவன் சொன்னான்: “அண்ணா, குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. வயிறு எல்லாருக்கும் தெரியுது.”

நிறை ஏன் கூடுகிறது?

இவ்வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசீன் 1952இல் பாரிஸ் நகரில் மனநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. பழைய மருந்துகளால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் அதிகம். 1990களில் பரவிய புதிய மருந்துகளில் அவை குறைந்தன. ஆனால் அவற்றுட் சிலவற்றில் நிறை கூடுதலாக ஏறியது.

மூளையில் பசியையும் “போதும்” என்ற உணர்வையும் நடத்தும் சில வாயில்கள் உண்டு. ஹிஸ்டமின், செரட்டோனின் என்பன அவற்றின் வழியாக வேலை செய்கின்றன. ஒலான்சபீன் போன்ற மருந்துகள் அவ்வாயில்களையும் அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்தபின்னும் பசி அடங்காது. வாய் வறள்வதால் இனிப்புப் பானங்களைத் தேடுவர். உறக்கச் சோர்வினால் நடமாட்டமும் குறையும். இன்சுலின் வேலை செய்யும் விதமும் மாறுவதால் சீனி வருத்தம் வரலாம். இது பற்றிய எச்சரிக்கையை மருந்துடன் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003இல் உத்தரவிட்டது.

எல்லா மருந்தும் ஒரே அளவில் நிறையைக் கூட்டுவதில்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பத்துக் கிழமையில் சராசரியாகக் குளோசபீன் 4.45 கிலோவும், ஒலான்சபீன் 4.15 கிலோவும், ரிஸ்பெரிடோன் 2.10 கிலோவும் கூட்டின. அரிப்பிபிரசோல், லுராசிடோன் போன்றவற்றில் இது குறைவு.

எம்மவர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். தெற்காசியருக்குக் குறைந்த நிறையிலேயே சலரோகம் வரும் என்பதால், உடல் நிறைச் சுட்டெண் 23இல் இருந்தே ஆபத்து கூடுவதாகவும், 27.5இல் இருந்து கடும் ஆபத்தாகவும் இந்நாட்டில் கொள்ளப்படுகிறது. 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இவை முறையே ஏறத்தாழ 66½, 79½ கிலோவாகும்.

அப்படியானால் குளிசையை நிறுத்திவிடலாமா?

கூடாது. 2012இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஒரு வருடத்துள் நோய் திரும்பியது. வெற்றுக் குளிசைக்கு மாற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குத் திரும்பியது. எனினும் நிறையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடங்கள் முந்தி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இருதய நோய் அதற்கு ஒரு பெருங்காரணம். இரண்டு பக்கமும் நட்டம் உண்டு. ஆகவே வைத்தியரோடு சேர்ந்தே வழி காண வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. முதல் நாளே நிறுத்து எழுதுங்கள். தம்பியின் நிறை எவ்வளவு கூடியது என்று வைத்தியர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊரார் கணக்கெல்லாம் பார்க்கும் நான் ஆரம்ப மீதியைக் குறிக்க மறந்துவிட்டேன். இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைப்படி, முதல் ஆறு கிழமையும் கிழமைக்கொரு முறையும், பின்பு 12ஆம் கிழமையிலும், ஒரு வருடத்திலும், அதன்பின் வருடந்தோறும் நிறை பார்க்க வேண்டும். இரத்தத்தில் சீனி, கொழுப்பு ஆகியவற்றையும் இரத்த அழுத்தத்தையும் 12ஆம் கிழமையிலும் பின்பு வருடந்தோறும் பார்க்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

2. எண்களோடு வைத்தியரிடம் போங்கள். “கொஞ்சம் மொத்தமாகிவிட்டார்” என்பதிலும் “எட்டுக் கிழமையில் 6 கிலோ” என்பது வேலை செய்யும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: அளவைக் குறைக்கலாமா? வேறு மருந்துக்கு மெல்ல மாறலாமா? மெற்போமின் சேர்க்கலாமா? சலரோகத்துக்குப் பாவிக்கும் மெற்போமின், இம்மருந்துகளால் ஏறும் நிறையைச் சராசரியாக மூன்று கிலோ அளவில் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆங்கிலம் சிரமமானால் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

3. நோயாளிக்குத் தனிக் கோப்பை வைக்காதீர்கள். வீடு முழுவதும் ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும். இரவுப் பிட்டைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினோம். சோடாவை வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினோம். இரவுப் பசிக்கு அவித்த கடலையும் வெள்ளரிக்காயும் மேசையில் இருக்கும். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் அவனோடு நானும் நடக்கிறேன். எனக்கும் நாலு கிலோ இறங்கியது.

4. நாவைக் காப்போம். இது அன்னதான மண்டபத்தில் கூடும் எம் எல்லோருக்கும் உரியது. ஒருவருடைய நிறையைப் பற்றி, அன்பாகவேனும், எதுவும் சொல்லாமல் விடுவோம். அவர் என்ன குளிசை எடுக்கிறார் என்று எமக்குத் தெரியாது. “சுகமா? கண்டு கனகாலம்” என்றாற் போதும். இன்னும் கொஞ்சம் புக்கை போடவா என்று இரண்டாம் முறை வற்புறுத்தவும் வேண்டாம்.

தம்பிக்கு இரண்டாம் முறை வைத்தியசாலையில் இருந்து வந்தபின் மருந்தை மெதுவாக மாற்றி, மெற்போமினும் சேர்த்தார்கள். 87 கிலோவாக இருந்தவன் ஒன்றரை வருடத்தில் 79 ஆனான். பழைய காற்சட்டைகள் இன்னும் ஏறவில்லை. ஆனால் குளிசையை ஒருநாளும் விடுவதில்லை. ஞாயிறு காலை தானே நிறுத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியுள்ள தாளில் எழுதுகிறான். அந்தக் கணக்கை நான் பரிசோதிப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வெட்கப்படாமல் என்னோடு கதையுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் காரியாலய அறையில் இருப்பேன். வரிப் படிவம் கொண்டுவர வேண்டியதில்லை.