தாவோசெங் யாடிங்: முதல் நாள் மலை ஏற வேண்டாம்

சீனாவின் சிச்சுவான் மாநிலத் திபெத்தியப் பகுதியில் உள்ள தாவோசெங் யாடிங் விமான நிலையம் 4,411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 500 மீட்டர் உயரமுள்ள செங்டுவில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இங்கே இறங்கிவிடலாம். உடம்பு பழக அவகாசமே கிடையாது. யாடிங் இயற்கைக் காப்பகத்தில் திபெத்தியர்கள் வணங்கும் மூன்று சிகரங்களையும் அன்றே பார்த்துவிடும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பல மணி நேரம் கழித்தே தொடங்கும். அதனால் இறங்கியதும் தெம்பாக இருப்பதை நம்பாதீர்கள். முதல் இரவு, யாடிங் போகும் வழியில் தாழ்வாக உள்ள ஷாங்ரிலா சிற்றூரில் தங்குவதே நல்லது. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடுங்கள்.