பாத்ரூம் பிளக் பாயின்ட் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் கீசரைப் போட்டதும் டிரிப்பர் விழுகிறது, வீடே இருட்டாகிவிடுகிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஈரக்கையோடு நிற்பவரின் உயிரைக் காக்கத்தான் அது விழுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இதோ வழிகள்:

1. முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்கசிவு. கீசருக்கான எம்.சி.பி. மட்டும் விழுந்தால் அதிக லோடு அல்லது ஷார்ட் சர்க்யூட்.

2. கையைத் துடைத்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மெயினை அணைத்தபின் கீசர், வாஷிங் மெஷின் என எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அது ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் வழியான கோளாறு அப்படியே இருக்கும்.

3. டிரிப்பரைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு சாதனமாகச் செருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் பழுது. திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

4. எதையும் செருகாமலே விழுகிறதா? சுவரில் இறங்கிய ஈரம் பிளக் பாயின்ட்டின் பெட்டிக்குள் போயிருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு சுவர் நன்றாகக் காயும்வரை அந்த லைனை அணைத்தே வையுங்கள். துருப்பிடித்த இரும்புப் பெட்டி, கறுத்துப்போன சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் துரு சீக்கிரமே பிடிக்கும்.

5. கீசர் போட்டு ஐந்து, பத்து நிமிடம் கழித்து விழுந்தால் ஹீட்டிங் காயிலைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரின் உப்பு காயில்மேல் படிந்து, மேலுறை விரிசல் விடும்; சூடேறியதும் அதன் வழியே மின்சாரம் கசியும். வருடத்துக்கு ஒருமுறை கீசரைக் கழற்றி உப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

6. 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியரும், 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்டும், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு ஒயரும், தனி எம்.சி.பி.யும் வேண்டும்.

7. இன்வெர்ட்டர் வைத்தபின் தொல்லை தொடங்கியதா? இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் மற்ற லைன் நியூட்ரலும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கலாம். ஆர்.சி.சி.பி. வழியே போகும் மின்சாரம் அதே வழியில், அதே அளவு திரும்ப வேண்டும். வேறு நியூட்ரலில் திரும்பினால் கசிவு என்றே அது எடுத்துக்கொள்ளும். எலெக்ட்ரீஷியனிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

8. குழாயைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். எர்த் கோளாறாக இருக்கலாம். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் ஒயரை நியூட்ரலிலோ தண்ணீர்க் குழாயிலோ ஒருபோதும் இணைக்கக் கூடாது.

9. வாளியில் ஹீட்டர் ராடு போடுபவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

10. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் ஆர்.சி.சி.பி.யை மாற்றுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வாங்குங்கள். ஒரு 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு எடுப்பதைவிடக் குறைவான கசிவிலேயே அது துண்டித்துவிடும்.

11. “அடிக்கடி விழுகிறது, டைரக்டாகக் கொடுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். டிரிப்பரை எடுத்துவிட்டால் கசிவு நிற்காது. குளிக்கப் போகிறவரின் உடம்பு வழியாகத்தான் பாயும்.

12. காரணம் பிடிபடவில்லையென்றால், உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு மெக்கர் வைத்து ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் தீப்பொறி, அறுந்த ஒயர், மீட்டர் அருகே ஷாக் என்றால் நீங்கள் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் புகார் பதிவு செய்யலாம்.