கணக்கை வெளியே வைக்கலாம். சாவி நம்மிடம் இருக்கட்டும்

முன்பெல்லாம் கடையின் கணக்கு கல்லாப்பெட்டிக்கு அருகிலேயே இருந்தது. சிட்டை, நாள் குறிப்பு, பேரேடு என்று சில நோட்டுகள்தாம். இரவு கடை பூட்டும்போது பேரேட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்ற பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு மேஜைமேல் இருந்த பெட்டிக்குள் போனது. இப்போது அந்தப் பெட்டியையும் விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. பில் போடும் மென்பொருளை இணையவழியில் சந்தாவுக்கு எடுத்திருக்கும் கடைகளில், கொள்முதல், விற்பனை, இருப்பு, பாக்கி எல்லாம் நாம் பார்த்தறியாத ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்குத்தான் டேட்டா சென்டர் என்று பெயர்.

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒப்படைப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், ஒப்படைத்த பின் எதை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஏன் ஒப்படைக்கிறார்கள்?

பெரிய நிறுவனங்களே தங்கள் கம்ப்யூட்டர் நிலையங்களைப் பிறரிடம் விட்டுவிடுகின்றன. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1989-ல் தன் டேட்டா சென்டர் வேலையை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் இப்படிச் செய்தது அந்நாளில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. படச்சுருள் செய்வது எங்கள் தொழில், கம்ப்யூட்டரைக் காவல் காப்பது வேறொருவர் தொழில் என்பதே அதன் பொருள்.

நமக்கும் அதே நியாயம்தான். கம்ப்யூட்டர் ஓய்வின்றி ஓட மின்சாரம் நிற்கக்கூடாது. நின்றால் பேட்டரியும் ஜெனரேட்டரும் உடனே கைகொடுக்க வேண்டும். இரவு பகலாகக் குளிரூட்ட வேண்டும். தீயணைப்பு ஏற்பாடு, காவல், கோளாறு வந்தால் ஓடிவரும் ஆள் என்று பலவும் வேண்டும். புளி மூட்டைக்கும் மிளகாய் வற்றலுக்கும் நடுவே, தூசியிலும் வெயிலிலும், எலி கடிக்கும் ஒயர்களோடு வைத்திருக்கும் நம் கம்ப்யூட்டருக்கு இவற்றில் ஒன்றையாவது நம்மால் முழுமையாகச் செய்ய முடியுமா? ஆகவே, தொழில் தெரிந்தவரிடம் விடுவது பெரும்பாலும் நல்ல முடிவே.

சரக்கு வேறு, கணக்கு வேறு

இதை நாம் ஏற்கெனவே வேறு வகையில் செய்துவருகிறோம். சீசனில் வாங்கிய புளியையும் வற்றலையும் குளிர்பதனக் கிடங்கில் போட்டு, ரசீது வாங்கி, வாடகை கொடுக்கிறோம். கிடங்கு அவருடையது, சரக்கு நம்முடையது.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கிடங்கில் சரக்கு எரிந்துபோனால், இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பணம் வரும். பாக்கிக் கணக்கு அழிந்தால் அதை யார் தருவார்? ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவரிடம் 140 சில்லறைக் கடைக்காரர்கள் கடனுக்குச் சரக்கு எடுக்கிறார்கள். ஆளுக்குச் சராசரி 25,000 ரூபாய் பாக்கி என்றால் மொத்தம் 35 லட்சம் ரூபாய். அந்த 35 லட்சமும் எங்கே இருக்கிறது? கணக்கில் மட்டுமே இருக்கிறது. கணக்கு போனால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை அவரவர் மனச்சாட்சியிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு நமக்குச் சாதகமானது. சரக்குக்கு நகல் எடுக்க முடியாது. கணக்குக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் சொற்பச் செலவில் எடுக்கலாம். இந்த ஒரு வசதியைப் பயன்படுத்தாமல் விட்டவர்களே பெரும்பாலும் நஷ்டப்பட்டார்கள்.

மூன்று நிகழ்ச்சிகள், மூன்று பாடங்கள்

முதலாவது, தீ. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கிளவுட் நிறுவனத்துக்கு ஒரே வளாகத்தில் நான்கு டேட்டா சென்டர்கள் இருந்தன. 2021 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் அங்கே தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முற்றிலும் அழிந்தது. இன்னொன்றில் ஒரு பகுதி எரிந்தது. மற்ற இரண்டையும் நிறுத்த வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றுபோயின. ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் தனியாகப் பணம் கட்டி பேக்கப் சேவையும் வாங்கியிருந்தது. அந்தப் பேக்கப்பும் அதே இடத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. அசலும் நகலும் சேர்ந்தே எரிந்தன. வழக்கு லீல் வணிக நீதிமன்றத்துக்குப் போய், 2023 ஜனவரியில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்டஈடு தரும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்பு கிடைத்தது, அழிந்த விவரங்கள் கிடைக்கவில்லை. பாடம்: நகல் என்றால் வேறொரு ஊரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, திவால். பிரிட்டனில் ‘டூ ஈ டூ’ என்ற நிறுவனம் பலருக்கு டேட்டா சென்டர் நடத்திவந்தது. 2013 ஜனவரியில் அது நொடித்துப்போய், நீதிமன்ற நடைமுறைப்படி நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் பணமில்லை. டேட்டா சென்டர் தொடர்ந்து ஓட வேண்டுமானால் சிறிய வாடிக்கையாளர்கள் 4,000 பவுண்டும் பெரியவர்கள் 40,000 பவுண்டும் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். விவரங்களை எடுத்துக்கொண்டு வெளியேறலாமென்றால் அதற்கு 16 வாரம்வரை ஆகலாம் என்றும் சொன்னார்கள். கிடங்குக்காரர் கடனாளியானதால் சரக்குக்காரர் வாசலில் நிற்க வேண்டிய நிலை. பாடம்: உள்ளே போகும் வழியைப் பார்க்கும்போதே வெளியே வரும் வழியையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டிலேயே நடந்தது. சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம், கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக நூற்றுக்கணக்கான சிறு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை அளிக்கிறது. 2024 ஜூலை இறுதியில் அது ஒரு தாக்குதலுக்கு உள்ளானது. விவரங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் வகைத் தாக்குதல் அது. கெடுதி பரவாமலிருக்க, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்த நிறுவனத்தின் தொடர்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. விளைவாக, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. உள்ளிட்ட சேவைகள் தடைப்பட்டன. ஆகஸ்ட் முதல் தேதி தொடர்பு திரும்பியது. அந்த வங்கிகளின் கிளைகளில் எந்தத் தவறும் நடக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் வந்து நின்றது அந்தக் கிளைகளின் வாசலில்தான். பாடம்: வேலையை ஒப்படைக்கலாம், பதில் சொல்லும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

சட்டம் யாரைக் கேட்கும்?

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும் வகையில் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி. அதிகாரி கேட்டால் காகிதத்திலோ கம்ப்யூட்டரில் படிக்கும் வடிவத்திலோ தரவும் வேண்டும்.

இந்தக் கடமை பதிவு பெற்ற வியாபாரியுடையது. ‘மென்பொருள் கம்பெனியில் கோளாறு’ என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நோட்டீஸ் நம் பெயருக்குத்தான் வரும்.

99 சதவீதம் என்றால் எவ்வளவு?

விளம்பரத் தாளில் ‘99 சதவீத நேரம் சேவை உறுதி’ என்று போட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் முறையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87 மணி 36 நிமிடம். அதாவது மூன்றரை நாளுக்கு மேல். அந்த மூன்றரை நாள் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வந்தால்? 99.9 சதவீதம் என்றால் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்பதுகளில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த உறுதி தவறினால் என்ன தருவார்கள் என்பதையும் படிக்க வேண்டும். பெரும்பாலும் சந்தாவில் ஒரு பங்கைத்தான் கழித்துக்கொள்வார்கள். மாதம் 1,000 ரூபாய் சந்தாவில் பத்து சதவீதம் கழிவு என்றால் 100 ரூபாய். அன்று நமக்குத் தவறிப்போன வியாபாரத்துக்கு அது ஈடாகாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. எங்கள் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது? அதன் நகல் எந்த ஊரில் இருக்கிறது?

2. டேட்டா சென்டர் உங்களுடையதா, நீங்களும் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? வாடகை என்றால் யாரிடம்? (வாடகையானாலும் குற்றமில்லை, தெரிந்திருக்க வேண்டும்.)

3. எத்தனை மணிக்கு ஒருமுறை நகல் எடுக்கிறீர்கள்? இரவில் மட்டும் என்றால், மாலையில் கோளாறு வந்தால் அன்று பகல் போட்ட பில்கள் என்னவாகும்?

4. பாக்கி, இருப்பு, பில்கள் அனைத்தையும் எக்ஸெல் போன்ற பொது வடிவத்தில் நாங்களே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியுமா? உங்கள் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு என்றால், அது சாவி இல்லாத பெட்டி.

5. சந்தாவை நிறுத்தினால் எங்கள் கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? அதைத் திருப்பித் தரத் தனிக் கட்டணம் உண்டா?

6. இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் கடையில் பில் போட முடியுமா?

7. முதன்மை பாஸ்வேர்டு யாருடைய மொபைல் எண்ணில் பதிவாகிறது? மென்பொருளைப் போட்டுக்கொடுத்த ஏஜெண்டின் எண்ணிலோ வேலையைவிட்டுப் போன கணக்குப்பிள்ளையின் எண்ணிலோ இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

இந்த ஏழுக்கும் வாய்மொழியாகப் பதில் வாங்கினால் போதாது. கடிதத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது

வாரம் ஒருமுறை முழுக் கணக்கையும் இறக்கிப் பென் டிரைவில் ஏற்றுங்கள். இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எழுதியதும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால், கம்ப்யூட்டரைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாதம் ஒரு நகலை வெளியூரில் இருக்கும் மகனிடமோ சம்பந்தி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். சென்னையைச் சூழ்ந்த 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கடை ஒரு தெருவிலும் வீடு அடுத்த தெருவிலும் இருந்தால், தண்ணீர் இரண்டிலும்தான் நுழையும்.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலைத் திறந்து, ஐந்து பேருடைய பாக்கியை உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடைக்கல்லைக் காலாகாலத்தில் முத்திரையிடுவது போலத்தான் இதுவும். திறந்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இவ்வளவுக்கும் வாரம் அரை மணி நேரம் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை சற்று ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து, உங்கள் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்ற முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கிடைத்த பதிலை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் கேட்டு வாங்கிய பதில் பத்துக் கடைகளுக்குப் பயன்படும்.