நாளுக்கு ஆறாயிரம் போதுமா?

ஓஎம்ஆர் பக்கம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி காதில் விழும். "மாசம் ஒன்னு இருபது கையில வருது. கான்ட்ராக்ட்ல போனா நாளுக்கு ஆறாயிரம் கேட்கலாம். இருபத்திரண்டு நாள்னு வெச்சுக்கோ, 1,32,000 ஆச்சு. இவங்ககிட்ட எதுக்கு மாரடிக்கணும்?" பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. அந்த இருபத்திரண்டில்தான் கோளாறு.

நம்பிக்கை: சம்பளத்தை நாட்களால் வகுத்தால் ரேட் வந்துவிடும்

சம்பளம் தீபாவளிக்கும் வரும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும் வரும், ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்த மாதத்துக்கும் வரும். கான்ட்ராக்டருக்கு இன்வாய்ஸில் ஏறிய நாளுக்கு மட்டும்தான் காசு. வருஷத்தில் சனி, ஞாயிறு போக 261 நாள். பண்டிகை, உடம்பு முடியாத நாள், ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஒரு 30 நாளைக் கழியுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை தேடுவது, ப்ரொபோசல் எழுதுவது, காசில்லாத கிளையன்ட் கால்கள் என்று இன்னொரு 50 நாள் போகும். முதல் வருஷம் அதற்கு மேலும் போகலாம். மிஞ்சுவது சுமார் 180 நாள். ஆறாயிரம் வீதம் போட்டால் 10,80,000 ரூபாய்.

கையில் ஒன்று இருபது வாங்குகிறவரின் சிடிசி சுமார் 18 லட்சம் இருக்கும். பிஎஃப்பில் கம்பெனி தன் பங்காகப் போடும் 12 சதவீதம் பேங்க் கணக்கில் விழாததால் மனக்கணக்கிலும் விழுவதில்லை. வகுக்க வேண்டியது அந்த 18 லட்சத்தை, அதுவும் 180-ஆல்: நாளுக்கு 10,000. லேப்டாப், இன்டர்நெட், ஆடிட்டர் ஃபீஸ், குடும்பத்துக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். பத்தாயிரம் என்று வாய்விட்டுச் சொல்ல நமக்குத்தான் கூச்சம். எதிரே இருக்கும் மேனேஜர் போனஸ், கிராஜுட்டி, பெஞ்ச் செலவு எதுவும் இல்லாத ஆளைத் தேடித்தான் நம்மிடம் வந்திருக்கிறார். அவருக்கு இந்தத் தொகை அதிர்ச்சி தராது.

இன்னொன்று. கிராஜுட்டிக்கு 5 வருஷ சர்வீஸ் வேண்டும், பிஎஃப் பென்ஷனுக்கு 10 வருஷம். சேர்ந்த தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு ராஜினாமா மெயிலை அனுப்பலாம்.

நம்பிக்கை: வெளியே வந்தால் வரி பிழிந்துவிடும்

பெரும்பாலும் நேர் எதிர். ஐடி, இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், கணக்குத் தணிக்கை, கட்டட வடிவமைப்பு போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆடிட்டர்கள் வாயில் அது 44ஏடிஏ. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக்கு பில் சேர்த்து வைக்க வேண்டாம். வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், வேறு வருமானம் இல்லாத கான்ட்ராக்டர் 24 லட்சம் வரவுக்கும் வரி கட்டாமல் இருக்க முடியும். ஆனால் கிளையன்ட் வழக்கமாக 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிடுவார். அந்த 2,40,000 ரூபாய், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை நம்முடையது இல்லை. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். கன்டென்ட் எழுதுகிறவர்களும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறவர்களும் இருப்பதாகத் தாங்களே முடிவு கட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

நம்பிக்கை: வெளிநாட்டு கிளையன்ட் என்றால் ஜிஎஸ்டி கிடையாது

வரி கிடையாது, பதிவு உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், அது டாலரில் வந்தாலும் ஜிஎஸ்டி எண் வாங்கியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: வேலையை முடித்துக் கொடுத்தால் பணம் தானாக வரும்

மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போகிறது. பத்து நாள் கழித்து "பிஓ நம்பர் இல்லையே" என்று ஒரு மெயில். திருத்தி அனுப்பினால் அப்ரூவ் செய்ய வேண்டிய மேனேஜர் லீவு. அவர் வந்து பட்டனை அழுத்துவதற்குள் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டின் அந்த மாத பேமென்ட் முடிந்திருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. வீட்டு வாடகைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. உள்ளூர் கிளையன்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: வரி இன்வாய்ஸ் தேதியை வைத்துத்தான். அவர் பணம் தராவிட்டாலும் அடுத்த மாதம் அரசாங்கத்துக்கு நம் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு பிடி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் தனி ஆளாகச் சேவை தருகிறவருக்கும் பொருந்தும். உத்யம் தளத்தில் பதிவு இலவசம். வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் பணம் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வட்டி கேட்டுச் சண்டை போட எந்த கான்ட்ராக்டருக்கும் மனம் வராது, கிளையன்ட் போய்விடுவார். ஆனால் 2024-25 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் வருஷம் வரை கம்பெனி தன் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. இன்வாய்ஸில் உத்யம் எண் ஒரு வரியாக இருந்தால், மார்ச் மாதத்தில் அக்கவுன்ட்ஸ்காரர் தானே போன் செய்வார்.

நம்பிக்கை: அதே ஆபீஸில் 'கன்சல்டன்ட்' ஆகிவிட்டால் லாபம்

யாருக்கு? அதே சீட், அவர்கள் லேப்டாப், ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்-அப், லீவுக்கு அனுமதி, வேறு கிளையன்டை எடுக்கத் தடை. பெயர்ப்பலகை மாறிய வேலை இது. கழன்றது பிஎஃப்பும் கிராஜுட்டியும்தான். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு வரித்துறையும் நீதிமன்றங்களும் நிற்பதில்லை, யார் யாரை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றும் பார்க்கின்றன. தொழில் வரவு என்று காட்டியதைச் சம்பளம் என்று சொல்லிவிட்டால் 44ஏடிஏவும் போச்சு.

நம்பிக்கை: இன்ஷூரன்ஸ், லோன் எல்லாம் வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்

கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு போகும். புது பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அந்தக் கடிகாரம் வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். வீட்டுக் கடன் விஷயம் கொஞ்சம் குரூரமானது. பேஸ்லிப் இல்லாதவரிடம் பேங்க் பொதுவாக இரண்டு, மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்கும். 44ஏடிஏவில் 24 லட்சம் வரவைப் பாதியாக்கிக் காட்டியவரை அது 12 லட்சம் சம்பாதிக்கிறவராகத்தான் பார்க்கும், இஎம்ஐ தகுதியையும் அதற்கேற்பவே போடும். வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர் உண்மையான லாபம் பாதிக்கு மேல் என்றால் அதையே காட்டி வரியும் கட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. அதை ரிட்டர்ன் போடும்போதே ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும், பேங்க் மேனேஜர் எதிரே உட்காரும்போது சொல்லிப் பயனில்லை.