கடல் கடந்து வாங்கும் சிறுநீரகமும் அதனுடன் வரும் நோய்களும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் லாரி ஓட்டி வந்த நம் சங்கத்துச் சகோதரர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதியினால் இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கத்தில் அவர் படுத்திருக்கிறார். வேலையும் போயிற்று. சென்ற மாதம் அவருடைய மைத்துனர் நம் காரியாலயத்துக்கு வந்து, "வெளிநாட்டிலே கிட்னி ஏற்பாடு செய்து தர ஆள் இருக்கிறார், காக்கா. பணம் கட்டினால் மூன்று வாரத்தில் காரியம் முடிந்துவிடுமாம். சங்கம்தான் வசூல் செய்து தரவேண்டும்" என்று கேட்டார்.

கேட்டதில் பிழையில்லை. இந்நாட்டில் இறந்தோரின் உறுப்புக் கொடை மிகச் சொற்பம், காத்திருப்போரோ பல்லாயிரவர். எனினும் பிறர் பணத்தை வசூலித்துக் கொடுக்குமுன் அப்பணம் எதை வாங்கப்போகிறது என்று பார்ப்பது நம் கடமையல்லவா? டாக்டர்களிடம் விசாரித்தும் படித்தும் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பிறருடைய சிறுநீரகத்தை நம் உடம்பு அந்நியப் பொருளென்றே கருதித் தாக்கும். ஆகவே, அதனைத் தாக்காதிருக்கும்பொருட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அம்மருந்தை அச்சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் உண்ண வேண்டும். காவற்காரனை உறங்க வைத்த வீட்டில் சிறு திருடனும் துணிந்து நுழைவான். அதுபோல, மற்றவருக்கு இருமலோடு போகும் கிருமி இவருக்கு உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடும். அறுவை நடந்த முதல் சில மாதங்களே மிக அபாயமானவை. அந்த மாதங்களில்தான் வெளிநாடு சென்றவர் தையல் காயத்துடன் விமானம் ஏறி ஊர் திரும்புகிறார்!

கிருமி எங்கிருந்து வருகிறது? சிறுநீரகத்தோடேயே வரலாம். எய்ட்ஸ் கிருமி, பி, சி வகை மஞ்சட்காமாலைக் கிருமிகள், மலேரியா, காசநோய் ஆகியன கொடுப்பவர் உடம்பிலிருந்து பெறுபவர் உடம்புக்குச் செல்லும். பரிசோதித்துத்தானே வைப்பார்கள் என்று கேட்கலாம். எய்ட்ஸ் கிருமி உடம்பில் புகுந்தபின் சில வாரங்கள் வரை இரத்தப் பரிசோதனையில் தென்படாமலிருக்கும். அக்காலத்தில் கொடுப்பவரின் வாய்மொழியே பெரிய சாட்சி. கூடப் பிறந்த சகோதரி தமக்கு இருந்த நோயை ஒளிக்க மாட்டார். கடனடைக்க உறுப்பை விற்கும் ஏழையோ, நோயைச் சொன்னால் பணம் கிட்டாது என்று வாய் திறவாதிருப்பான், தரகனும் கேட்கமாட்டான். தோட்டத்தில் புதுக் கன்று இறக்கினால், வேரையும் இலையையும் புரட்டிப் பாராமல் நடுவாருண்டோ?

இன்னொரு வழி, அறுவை நடக்கும் ஆஸ்பத்திரி. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத கிருமிகள் சில ஆஸ்பத்திரிகளிலேயே குடியிருக்கின்றன. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டவர் ஒருவரிடம் 2008இல் கண்டெடுக்கப்பட்ட அத்தகைய கிருமியின் தன்மைக்குப் புதுடில்லியின் பெயரையே சூட்டினார்கள். பூஞ்சைக் காளான் நோய்களோ இன்னும் கொடியவை. சிறுநீரகத்தின் இரத்தக் குழாயையே அரித்துவிடும்.

இவை வெறும் அச்சுறுத்தலல்ல. 1984 முதல் 1988 வரை அரபு அமீரகத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் பம்பாய் சென்று சிறுநீரகம் வாங்கிவந்த சுமார் 130 பேரின் கதையை, ஊரில் அவர்களைக் கவனித்த டாக்டர்கள் 1990இல் லண்டன் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பலர் ஓராண்டுக்குள் மாண்டனர். எய்ட்ஸ் கிருமியோடு திரும்பியவர்களும் அதில் உண்டு. உயிர் பிழைக்கப் போனவர் வீட்டாருக்கும் ஆபத்தைக் கொண்டுவந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. மலேசியரும் இவ்வாறே முன்பு இந்தியாவுக்கும் பின்பு சீனத்துக்கும் சென்றார்கள். இந்தியா 1994இல் உறுப்பு விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. சீனாவும் 2007இல் வெளிநாட்டார்க்கு உறுப்பு வைப்பதைத் தடை செய்தது. தடுத்தபின் வியாபாரம் மறைவிடங்களுக்குப் போயிற்று. மறைவில் நடப்பதற்கு ஒழுங்கான ரிப்போர்ட்டு எப்படிக் கிடைக்கும்? கொடுத்தவர் யார், என்னென்ன பரிசோதனை நடந்தது, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குத் துண்டுக் காகிதமுமின்றி நோயாளி வந்து நிற்கையில் நம்மூர் டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கிறது.

விற்றவர் கதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002இல் வெளியான ஆராய்ச்சியில், 96 சதவிகிதத்தினர் கடனுக்காகவே விற்றதாகவும், பெரும்பாலோர் கடன் தீராமலும் உடல்நலம் குன்றியும் இருந்ததாகவும் கண்டார்கள். அவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். உறுப்பு மாற்றத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்த ஜித்தா பிக்ஹு மன்றமும் 1988இல் உறுப்பை விலைப்பொருளாக்கலாகாது என்றே தீர்மானித்தது.

ஏற்கெனவே சென்று வந்தவர்கள் நம்மிடையே இருந்தால், அவர்களை ஏசுவது நம் நோக்கமன்று. வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாமல் சிறுநீரக டாக்டரிடம் உடனே சென்று, எந்த ஊரில், எந்த நாளில் அறுவை நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைகளை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். இலேசான காய்ச்சல், நீடித்த இருமல், தையலில் சீழ், எதுவாயினும் நாளைக்குப் பார்ப்போமென்று தள்ளவேண்டாம். டாக்டரைக் கேளாமல் மாத்திரையையும் நிறுத்தவேண்டாம்.

நம் சகோதரர் விஷயத்துக்கு வருவோம். தரகருக்கென்று வசூல் செய்ய இயலாதென மைத்துனரிடம் கூறிவிட்டோம். அவர் மனம் வருந்தியே சென்றார். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் 1975 டிசம்பரிலேயே சிறுநீரகம் மாற்றி வைத்த நாடு இது. உறவினர் கொடுத்தால் இங்கேயே சட்டப்படி செய்துகொள்ளலாம் என்று அவர் வீட்டாரிடம் நேரில் போய் விளக்கினோம். சகோதரரின் தங்கை, "என்னைச் சோதித்துப் பார்க்கட்டும், நானா ஒருவர்தானே எனக்கு" என்று சொல்லிவிட்டார். பொருந்துமோ பொருந்தாதோ, சோதனைக்குப் பிறகே தெரியும். அதுவரை இருவரின் பயணச் செலவையும், அவர் குடும்பத்தின் அரிசி பருப்புச் செலவையும் சங்கம் ஏற்கத் தீர்மானித்திருக்கிறது. இதற்கு உதவ விரும்புவோர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் பொருளாளரைக் காணலாம்.