தூசியா, விதையா?

குளிர்காலத்தில் இராசத்தான், அரியானா மாநிலங்களின் வயல்களில் கடுகு பூத்து மஞ்சளாய் விரியும். சில வயல்களில் கடுகுச் செடியின் அடியில், பச்சை நிறமே இல்லாத ஒரு செடி தலைகாட்டும். அவ்வூரார் அதனை மர்கோஜா என்பர். புகையிலைப் பயிரையும் தாக்குவதால் தமிழில் அதற்குப் புகையிலைக் காளான் என்று பெயர். பெயரில் காளான் இருப்பினும் அது பூத்துக் காய்க்கும் செடியே. தானே உணவு ஆக்க இயலாமல், பிற செடியின் வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி அது. சோளத்தின் வேரைத் தாக்கும் சுடுமல்லியும் ஓர் ஒட்டுண்ணியே.

இவை மண்ணுக்கு மேல் தெரியும் முன்பே பயிருக்குக் கேடு விளைந்துவிடும். ஆதலால் இவற்றை விதை நிலையிலேயே இனங்காண வேண்டும். அது எளிதன்று. இவ்விரண்டின் விதைகளும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீளமுடையவை. வெறுங்கண்ணுக்குப் பழுப்புநிறத் தூசியாகவே தோன்றும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். ஏற்ற பயிரின் வேர்க்கசிவு பட்டால்தான் முளைக்கும்.

நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு விளங்கும். புகையிலைக் காளானின் விதைமேல் தேனடை போன்ற குழிகள் நிறைந்திருக்கும். சுடுமல்லியின் விதைமேல் வரப்புகள் போன்ற கோடுகள் நீளவாக்கில் முறுக்கி ஓடும்.

இவ்வேறுபாடு உழவர்க்கு வழிகாட்டும். மண்ணில் தேனடை விதை இருந்தால் கடுகு, புகையிலை, தக்காளி ஆகியவற்றைத் தவிர்த்துக் கோதுமை விதைக்கலாம். வரப்பு விதை இருந்தால் சோளத்தையும் கம்பையும் தவிர்த்துப் பருத்தி பயிரிடலாம். பருத்தியின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைக்கச் செய்யும்; ஆனால் முளை அவ்வேரில் ஒட்டி வாழ இயலாமல் மடியும். சுடுமல்லியை எழுப்பும் அப்பொருளை அறிவியலார் 1966ஆம் ஆண்டில் பருத்தி வேர்க்கசிவிலிருந்தே பிரித்தெடுத்தனர்.

எனினும் நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு. விதைத்தோல் பேரினத்தைக் காட்டிவிடும். ஒரே பேரினத்தின் நெருங்கிய சிற்றினங்களோ ஒன்றுபோலவே தோன்றும். அங்கே மரபணுச் சோதனையே முடிவு சொல்லும்.

சொற்பொருள்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து, அதன் உணவை உண்டு வாழும் உயிர்
வேர்க்கசிவு – வேரிலிருந்து மண்ணில் கசியும் பொருள்
பேரினம் – நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: புகையிலைக் காளானின் விதைமேல் ________ போன்ற குழிகள் உள்ளன.
2. ஒட்டுண்ணிகளை ஏன் விதை நிலையிலேயே இனங்காண வேண்டும்?
3. பிரித்து எழுதுக: வேர்க்கசிவு, பல்லாயிரம், வெறுங்கண்.
4. ஓர் உழவரின் சோள வயல் மண்ணில் வரப்பு விதைகள் உள்ளன. அவருக்கு நீ கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.