விளையாட்டரங்கம் வந்தால் வியாபாரம் பெருகுமா?

ஓர் ஊரில் வியாபாரம் நலிந்துவிட்டால், அதைத் தூக்கி நிறுத்தப் பெரிய திட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுவது வழக்கம். பல கோடியில் விளையாட்டரங்கம், வானளாவிய கட்டடம், மாநாட்டு மண்டபம் என்று ஏதேனும் ஒன்று வரப்போவதாக அறிவிப்பார்கள். "கூட்டம் வரும்; கூட்டம் வந்தால் கடைகளுக்கு வியாபாரம் வரும்" என்பதே அறிவிப்பின் சாரம். வணிகர்களாகிய நாமும் மகிழ்ந்துபோய், திட்டம் எப்போது முடியும் என்று நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தக் கணக்கு சரிதானா? வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, பேரேட்டைப் புரட்டுவது போல இதைப் பார்க்க வேண்டும். அதற்கு, இதே மருந்தை அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப உட்கொண்ட ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட்தான் அந்த நகரம்.

நலிவு வந்த வழி

மோட்டார் கார் தொழிலின் தலைநகர் என்று பெயர் பெற்ற டெட்ராய்டில் 1950ஆம் ஆண்டு 18 லட்சத்து 49 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அதன் பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நகருக்கு வெளியே சென்றன. புதிய நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. 1967 ஜூலையில் நடந்த கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பின் வெளியேற்றம் இன்னும் வேகமானது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. நகரின் நடுவில் ஹட்சன் என்ற பல்பொருள் அங்காடி இருந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய அங்காடிகளில் அதுவும் ஒன்று. வாடிக்கையாளர்கள் புறநகருக்குப் போவதைக் கண்ட அந்த நிறுவனமே 1954ல் சவுத்ஃபீல்டு என்னும் புறநகரில் நார்த்லேண்ட் என்ற பெரிய வணிக வளாகத்தைத் திறந்தது. நகரின் நடுவிலிருந்த தாய்க்கடை நாளுக்கு நாள் மெலிந்து 1983 ஜனவரியில் மூடப்பட்டது. 1998ல் அந்தக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

வாடிக்கையாளர் குடியிருக்கும் இடத்தைத் தேடிக் கடை போகும். கட்டடத்தைத் தேடி வாடிக்கையாளர் குடிவருவதில்லை. டெட்ராய்டின் பிற்காலத் திட்டங்கள் பலவும் இந்த உண்மையை மறந்தே போடப்பட்டன.

முதல் பெரிய மருந்து

1971ல் ஃபோர்டு கம்பெனியின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, ஆற்றங்கரையில் 'மறுமலர்ச்சி மையம்' என்ற பொருள்படும் ரினைசன்ஸ் சென்டரை அறிவித்தார். 73 மாடி ஓட்டலும் அதைச் சுற்றி அலுவலகக் கோபுரங்களுமாக 1977ல் அது திறக்கப்பட்டது. செலவு சுமார் 35 கோடி டாலர்.

நடந்தது என்ன? கோபுரங்களில் குடியேறிய நிறுவனங்கள் பலவும் அதே நகரின் பழைய கட்டடங்களிலிருந்து வந்தவை. அங்கே விளக்கு எரிந்தபோது இங்கே விளக்கு அணைந்தது. போதாக்குறைக்கு, மையத்துக்கும் தெருவுக்கும் நடுவே பெரிய கான்கிரீட் மேடுகளை எழுப்பிவிட்டார்கள். உள்ளே வேலை செய்பவர் உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே பொருள் வாங்கி, காரில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார். எதிர்த் தெருக் கடைக்காரருக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

1996ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த மையத்தை வாங்கியது. கட்டிய செலவில் நான்கில் ஒரு பங்குகூட விலை இல்லை. பிறகு அந்த நிறுவனமும், பழைய ஹட்சன் கடை இருந்த மனையில் எழுந்த புதிய கட்டடத்துக்குத் தலைமையகத்தை மாற்றப்போவதாக 2024ல் அறிவித்தது. புதிய கட்டடம் வருகிறது. அதே வாடகைதாரர் இடம் மாறுகிறார். 1977ல் பார்த்த காட்சிதான் இது.

விளையாட்டரங்கின் கணக்கு

இனி விளையாட்டரங்கத்துக்கு வருவோம். டெட்ராய்டின் பேஸ்பால் அணி 1912 முதல் கார்க்டவுன் பகுதியிலிருந்த பழைய அரங்கில் ஆடி வந்தது. 1999 செப்டம்பரில் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. ஒன்றரை மைல் தூரத்துக்குள், சுமார் 30 கோடி டாலர் செலவில், 2000ஆம் ஆண்டு கோமெரிக்கா பார்க் திறக்கப்பட்டது. செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொதுப்பணம். புதிய அரங்கைச் சுற்றி ஆட்ட நாட்களில் வியாபாரம் நடந்தது உண்மை. ஆனால் பழைய அரங்கைச் சுற்றியிருந்த சிற்றுண்டிச் சாலைகளுக்கும் மதுக்கடைகளுக்கும் அந்த வியாபாரம் போனதும் உண்மை. மொத்த வியாபாரம் கூடியதா, இடம் மாறியதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஒரு குடும்பம் மாதந்தோறும் பொழுதுபோக்குக்கென்று ஒதுக்கும் பணம் ஓர் அளவுக்கு உட்பட்டது. ஆட்டத்துக்குப் போனால் சினிமாவுக்குப் போகாது; அரங்கினுள் சாப்பிட்டால் பேட்டை ஓட்டலில் சாப்பிடாது. ஒரு கல்லாவிலிருந்து எடுத்து மறு கல்லாவில் போட்டால் அதற்கு லாபம் என்று யாரும் பெயரிடமாட்டார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூலின் முடிவும் இதுவே. போட்ட பொதுப்பணத்துக்கு நியாயமான வருவாயைத் திருப்பித் தந்த அரங்கம் என்று எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

நாள் கணக்கையும் பாருங்கள். பேஸ்பால் அணி சொந்த அரங்கில் ஆண்டுக்கு 81 ஆட்டம் ஆடும். அமெரிக்கக் கால்பந்து அணி ஆடுவதோ எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்கள்தான். கடை வாடகையும் மின் கட்டணமும் ஆள் சம்பளமும் 365 நாளுக்கும் உண்டு. ஆண்டில் சில நாள் வரும் திருவிழாக் கூட்டத்தை நம்பி மளிகைக் கடை வைக்க முடியுமா?

பான்டியாக் நகரின் அனுபவம்

டெட்ராய்டுக்கு வடமேற்கே பான்டியாக் என்ற சிறு நகரம் இருக்கிறது. டெட்ராய்டின் கால்பந்து அணியைத் தன் பக்கம் இழுக்க அந்த ஊர் 5 கோடியே 57 லட்சம் டாலரில் சில்வர்டோம் என்ற பெரும் அரங்கைக் கட்டி 1975ல் திறந்தது. 1978ல் அங்கே வந்த கூடைப்பந்து அணி பத்தாண்டில் வெளியேறியது. கால்பந்து அணியும் 2002ல் டெட்ராய்டில் கட்டிய புதிய அரங்குக்குத் திரும்பிவிட்டது. காலி அரங்கைப் பராமரிக்க மட்டும் பான்டியாக் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் செலவழித்தது. கடைசியில் 2009ல் அரங்கை ஏலம் விட்டார்கள். கிடைத்த தொகை 5 லட்சத்து 83 ஆயிரம் டாலர்! போட்ட முதலில் நூற்றில் ஒரு பங்கு. 1970ல் 85,000 பேர் இருந்த ஊரில் 2010ல் 60,000 பேர்கூட இல்லை.

கடைகளை இடித்து வேலை தேடியது

வணிகர்கள் மறக்கக் கூடாத இன்னொரு நிகழ்ச்சியும் டெட்ராய்டில் உண்டு. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு இடம் கொடுப்பதற்காகப் போல்டவுன் என்ற பேட்டையை நகர நிர்வாகம் கையகப்படுத்தியது. ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளும் 140க்கும் மேற்பட்ட கடைகளும் வணிக நிலையங்களும் இடிக்கப்பட்டன. சுமார் 4,200 பேர் வெளியேற நேர்ந்தது. பேட்டை மக்கள் வழக்காடினர். மாநில உச்ச நீதிமன்றம் நகரின் பக்கமே தீர்ப்பளித்தது. வாக்களித்த 6,000 வேலைகள் முழுமையாக வரவே இல்லை. 2004ல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், முன்பு தான் கொண்ட கருத்து தவறு என்று மாற்றிக்கொண்டது. ஆனால் இடித்த கடைகள் திரும்பி வரவில்லை.

கடன் தலைக்கு மேல்

இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் மக்கள்தொகை 1980ல் 12 லட்சம், 2000ல் 9 லட்சத்து 51 ஆயிரம், 2010ல் 7 லட்சத்து 13 ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே போனது. 2006 பிப்ரவரியில் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் டெட்ராய்டில் நடந்தது; நாடே அந்நகரைப் பார்த்தது. மறு ஆண்டே, நகருக்குள் கடைசியாக இருந்த பெரிய சங்கிலித் தொடர் மளிகை நிறுவனம் கடைகளை மூடியது. அதன் பின் பேட்டைகளுக்கு அரிசியும் ரொட்டியும் காய்கறியும் தந்தவர்கள் தனிக் கடைக்காரர்களே. அவர்களில் பலர் ஈராக்கிலிருந்து வந்து குடியேறிய கல்தேயக் கிறிஸ்தவக் குடும்பத்தினர்.

2013 ஜூலை 18ஆம் தேதி, சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. அப்போது நகரின் தெருவிளக்குகளில் பத்துக்கு நான்கு எரியவில்லை. ஓய்வுபெற்ற ஊழியர்களின் ஓய்வூதியத்திலும் கை வைத்தார்கள். ஆனால் மனு கொடுத்த சில நாட்களிலேயே புதிய விளையாட்டரங்கம் ஒன்றுக்குப் பொதுப்பணம் தர மாநில அரசின் வாரியம் ஒப்புதல் கொடுத்தது. 86 கோடி டாலருக்கு மேல் செலவான அந்த அரங்கம் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதில் பொதுப்பணம் 32 கோடி டாலருக்கும் மேல். அரங்கைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நிறைந்த புதிய பேட்டைகள் எழும் என்றார்கள். அரங்கம் திறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்தின் பெரும்பகுதியில் கார் நிறுத்தும் திடல்களே இருந்தன.

நகரின் மையப் பகுதி வளர்ச்சிக்கென்றே சட்டப்படி ஒதுக்கிய வரிப்பணம் அது, வேறு எதற்கும் செலவிட முடியாது என்று ஆதரவாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். விளக்கு எரியாத தெருவில் கடை வைத்திருந்தவருக்கு அதனால் என்ன பயன்?

எது பலன் தந்தது?

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது. டெட்ராய்டின் மையப் பகுதி முன்னிருந்ததைவிட இன்று உயிர்ப்போடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010 முதல் ஒரு பெரிய வீட்டுக்கடன் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியர்களை அங்கே கொண்டுவந்து அமர்த்தியது. ஊழியர் தினமும் வருபவர். அதனால் கடைகளுக்குத் தினமும் வியாபாரம். 2023ல் நகரின் மக்கள்தொகை 1957க்குப் பிறகு முதல் முறையாகச் சற்றே கூடியது என்று அமெரிக்க அரசின் மதிப்பீடு கூறுகிறது.

ஆனால் பேட்டைகளில் இருந்த கடைக்காரர்களுக்குக் கைகொடுத்தவை அவ்வளவு விளம்பரம் இல்லாத வேலைகள். திவாலுக்குப் பின் 65,000 புதிய எல்.இ.டி. தெருவிளக்குகள் போடப்பட்டு 2016 இறுதியில் வேலை முடிந்தது. செலவு சுமார் 18 கோடியே 50 லட்சம் டாலர். விளையாட்டரங்குக்குக் கொடுத்த பொதுப்பணத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இந்தத் தொகையில் நகரம் முழுவதற்கும் வெளிச்சம் வந்தது. மாலை ஆறு மணிக்குக் கதவை இழுத்து மூடியவருக்கு ஒன்பது மணி வரை கடை திறந்து வைக்கத் தைரியம் தருவது இந்த வெளிச்சம்தான். 2015ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 5 லட்சம் டாலரைச் சிறு வணிகர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். காலிக் கடைகளின் உரிமையாளர்களையும் தொழில் தொடங்க விரும்பியவர்களையும் சேர்த்தும் வைத்தார்கள்.

மொத்த வியாபாரிகள் குறித்துக்கொள்ள வேண்டியது ஈஸ்டர்ன் மார்க்கெட். 1891 முதல் அதே இடத்தில் நடக்கும் காய்கறி, இறைச்சி, மலர்ச் சந்தை அது. அதை இடித்துப் புதிதாக எழுப்பவில்லை. 2006ல் அதன் நிர்வாகத்தை லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று ஏற்று, பழைய கொட்டகைகளை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டது. சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே பை நிறைய வாங்கிப் போகிறார்கள். மற்ற நாட்களில் மொத்த வியாபாரம் நடக்கிறது. இருந்த வியாபாரத்தைக் கலைக்காமல் வளர்த்ததே அங்கே கிடைத்த வெற்றி.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, பெரிய திட்டம் எதுவானாலும் உடனே மாலை போடவும் வேண்டாம், உடனே கறுப்புக் கொடி காட்டவும் வேண்டாம். கொள்முதல் செய்யும்போது சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பது போல, சங்கத்தின் வாயிலாகச் சில கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும்.

1. வரப்போகும் வியாபாரம் புதியதா, வேறு தெருவிலிருந்து இடம் மாறி வருவதா?

2. ஆண்டில் எத்தனை நாள் கூட்டம் வரும்? மற்ற நாட்களில் அந்த இடம் எப்படி இருக்கும்?

3. வருபவர் தெருவில் நடப்பாரா, உள்ளேயே எல்லாம் வாங்கிக்கொண்டு காரில் திரும்பிவிடுவாரா?

4. முதல் யாருடையது, லாபம் யாருக்கு? நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்?

5. கட்டி முடித்த பின் ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு? குத்தகைதாரர் விட்டுப் போனால் என்ன ஏற்பாடு?

6. இடம் எடுக்கப்படும் கடைக்காரருக்கு மாற்றுக்கடை எங்கே, எப்போது? இடிப்பதற்கு முன்னா, பின்னா?

7. இதே பணத்தில் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், கழிப்பிடம் எவ்வளவு செய்யலாம்?

ஏழாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். மேடையில் அதைக் கேட்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். தெருவிளக்குக்குப் பெரிய திறப்பு விழா இல்லை. சாக்கடைக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் நடந்து வருவது அந்த வெளிச்சத்தில்தான், அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான்.

ஊரில் மக்கள் குடியிருந்தால், அவர்கள் கையில் நிலையான வருமானம் இருந்தால், அவர்கள் அச்சமின்றி நடக்கத் தெரு இருந்தால், வியாபாரம் தானே வரும். இவை இல்லாத ஊருக்கு அரங்கம் அலங்காரமாக மட்டுமே நிற்கும். டெட்ராய்ட் இதைக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டும் பல கோடி டாலரும் செலவாயின. அந்தச் செலவில்லாமலே அந்தப் பாடத்தை நாம் பெற்றுக்கொள்ளலாம்.